லயமும் உலகமும்: நம் பிள்ளைகள் சமுதாயத்தைக் கற்கும் முறை

மனிதன் சமுதாயத்தில் பிறக்கிறான் என்பது பழகிப்போன பேச்சு. சற்று ஆராய்ந்து நோக்கின், பிறக்கும்போது அவன் எச்சமுதாயத்தையும் சேர்ந்தவன் அல்லன் என்பதும், ஒன்றைச் சேர்வதற்குரிய ஆற்றல் மட்டுமே அவனிடம் உண்டு என்பதும் புலனாகும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. துரை யார், கங்காணி யார், தாய்மாமன் யார் என்பது தெரியாது. எவர்முன் எழுந்து நிற்க வேண்டும், எவர்முன் அமர்ந்து பேசலாம் என்பதும் தெரியாது. பத்து ஆண்டுகள் கழிவதற்குள் இவையனைத்தும் அதற்குத் தெரிந்துவிடுகின்றன. யாரும் பலகையில் எழுதிக் கற்பித்ததில்லை. எனினும் பள்ளியில் கற்ற பாடத்தை மறந்தாலும் இப்பாடத்தை அது மறப்பதில்லை.

இவ்வாறு ஒரு குழந்தை தன்னைச் சூழ்ந்தோரின் மொழி, வழக்கம், நம்பிக்கை, ஒழுங்கு ஆகியவற்றைத் தனதாக்கிக்கொண்டு ஒரு சமுதாயத்தின் உறுப்பாக மாறுவதைச் சமூகவியலார் ‘சமூகமயமாதல்’ என்பர். இதனோடு சேர்த்து அறியத்தக்க சொற்கள் இரண்டு உள. ஒன்று ‘சமூகப் பங்கு’. மற்றொன்று ‘சமூகக் குழு’. இம்மூன்றும் கல்லூரி மாணவர் தேர்வுக்காக உருப்போட வேண்டிய சொற்கள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. பிழைப்பை நாடி மலை ஏறிவந்த குடும்பங்களுக்கு இவை அன்றாட வாழ்வின் சொற்கள். சித்திரபுரத்திலும் பள்ளிவாசலிலும் மூணாற்றிலும் தேவிகுளத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்க முற்படுவோம்.

வந்த வரலாறு

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். அதன் பின்னர்க் காடு திருத்தப்பட்டது. சிங்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்க்கப்பட்டு, இறுதியில் தேயிலையே நிலைபெற்றது. 1897ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி தோன்றியது. காடு வெட்டவும், செடி நடவும், கொழுந்து பறிக்கவும் வேண்டிய கைகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து வந்தன. போடிநாயக்கனூர் வழியாக மலைப்பாதையில் மூட்டை சுமந்து ஏறிவந்தோர் பலர். அவர்களை அழைத்துவந்தவர் கங்காணி. முன்பணம் தருபவரும் அவரே. வேலை வாங்குபவரும் அவரே. வழக்குத் தீர்ப்பவரும் அவரே. தம் ஊரார், தம் உறவினர், தம் சாதியார் என்று தெரிந்தோரையே அவர் திரட்டினார். ஆதலின் ஒரு லயத்தில் குடியேறியோர் பெரும்பாலும் ஒரே ஊரின் துண்டாகவே இருந்தனர்.

பின்னர், முதிரப்புழை ஆற்றின் நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் பள்ளிவாசல் திட்டம் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. தோட்டத்து வேலையோடு மின்வாரிய வேலையும் கடைத்தெரு வணிகமும் இப்பகுதியில் வளர்ந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. 1972ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டம் தோன்றியது. இவ்வாறாக, இடம்பெயர்ந்து வந்தவரின் பேரப்பிள்ளைகள் மொழியால் தமிழராகவும், மாநிலத்தால் கேரளத்தவராகவும் ஆயினர்.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் தமிழர் உளர். ஆயின் அவர்கள் பெரும்பாலும் நிலத்தோடும் வேளாண்மையோடும் பிணைந்து ஊராக வாழ்பவர். இடுக்கி மலையிலோ குடியிருப்பைத் தீர்மானித்தது வேலை. நிலம் தமதாக இருப்போரின் பிள்ளை கற்கும் சமுதாயப் பாடம் ஒருவகை. வேலை உள்ளவரை வீடு உண்டு என்ற நிலையில் வளரும் பிள்ளை கற்கும் பாடம் வேறுவகை.

கண்ணாடியில் காணும் முகம்

‘நான் யார்?’ என்ற வினாவுக்குக் குழந்தை தானாக விடை காண்பதில்லை. அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஹார்ட்டன் கூலே 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறர் நம்மைக் காணும் விதத்தையே கண்ணாடியாகக்கொண்டு நாம் நம்மைக் காண்கிறோம் என்று விளக்கினார். பிறர் கண்ணில் நான் எப்படித் தோன்றுகிறேன் என எண்ணுகிறோம். அத்தோற்றத்தை அவர் மதிக்கிறாரா இகழ்கிறாரா எனக் கருதுகிறோம். அதன்பயனாகப் பெருமையோ நாணமோ கொள்கிறோம். இம்மூன்று படிகளாலும் ஒருவனது தன்னுணர்வு உருவாகிறது என்பது அவர் கொள்கை.

நம் பிள்ளைகளின்முன் எத்தனை கண்ணாடிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். லயத்தில் அவன் இன்னார் மகன். கீழே நகரத்துக் கடையில் சிலர் அவனைப் ‘பாண்டி’ என்று அழைக்கக்கூடும். கோடை விடுமுறையில் கயத்தாற்றுப் பக்கமோ சங்கரன்கோவில் பக்கமோ உள்ள பூர்விக ஊருக்குச் சென்றால், அங்குள்ளோர் அவனை ‘எஸ்டேட்டுக்காரப் பையன்’ என்றும், ‘மலையாளம் கலந்து பேசுகிறான்’ என்றும் நகைக்கக்கூடும். ஒரு கண்ணாடியில் அயலான். மற்றொரு கண்ணாடியிலும் அயலான். இரு பண்பாடுகளின் எல்லையில் நிற்கும் இத்தகையோரைப் பற்றி ராபர்ட் பார்க் என்னும் அறிஞர் 1928ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். விளிம்பில் நிற்பவன் உள்ளத்தில் அமைதியின்மை மிகும் என்று கூறிய அவரே, அவன் இரு உலகங்களையும் விலகி நின்று காணவல்லவன் என்பதால் பார்வை விரிந்தவனாகவும் ஆகலாம் என்றார். அமைதியின்மை மிகுமா, பார்வை விரியுமா என்பது பெரும்பாலும் முதற்கண்ணாடியைப் பொறுத்தது. அம்முதற்கண்ணாடி வீடு. தாயும் தந்தையும் தம் தொழிலையும் மொழியையும் பற்றித் தாழ்வாகப் பேசுவாராயின், பிள்ளை பிற கண்ணாடிகளில் காணும் இகழ்ச்சியை உண்மையென்றே நம்பிவிடுவான்.

விளையாட்டு கற்பிக்கும் பாடம்

கூலேயின் காலத்தவரான ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், குழந்தை பிறருடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கக் கற்பது விளையாட்டின் வாயிலாகத்தான் என்றார். அவர் கருத்துகள் அவர் மறைவுக்குப் பின் 1934ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. முதற்கட்டத்தில் குழந்தை ஒரு நேரத்தில் ஒருவராக நடிக்கும். தாயாக நடித்துப் பொம்மைக்குச் சோறூட்டும். ஆசிரியராக நடித்துக் குச்சியை ஓங்கும். தோட்டத்துச் சிறுமி துண்டைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கொழுந்து பறிப்பவளாகலாம். அவள் தம்பி அவள் நிறையைக் குறிக்கும் கணக்கனாகலாம். பார்ப்பவர்க்கு இது வேடிக்கை. நடிக்கும் குழந்தைக்கோ, நிறை குறைந்தால் யார் கோபிப்பார், யார் தலைகுனிவார் என்பதை உள்ளிருந்து அறியும் கல்வி.

அடுத்த கட்டம் விதியுள்ள ஆட்டம். மூணாற்றுப் பக்கத்தார்க்குக் கால்பந்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட்டு அணி கட்டி ஆடிய பின்லே கேடயப் போட்டியை அறியாத முதியவர் இம்மலையில் அரியர். பந்தை உதைப்பவன் தன்னை மட்டும் நினைத்தால் ஆட்டம் நடவாது. காவற்காரன் எங்கே நிற்கிறான், பின்வரிசையார் எப்போது முன்னேறுவர், எது தவறென நடுவர் ஊதுவார் என்பன அனைத்தும் ஒரே வேளையில் அவன் உள்ளத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு எல்லோருடைய எதிர்பார்ப்பையும் ஒன்றாகத் திரட்டி உள்ளத்தில் நிறுத்துவதையே மீட் ‘பொதுமைப்பட்ட பிறர்’ என்று குறித்தார். சமுதாயத்தின் குரல் நம் உள்ளத்துள் ஒலிப்பது அதன் வாயிலாகவே.

பெற்றோர் பகல் முழுதும் வேலையில் இருக்கும் தோட்டத்தில், இந்தக் கல்வியில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே நிகழ்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. பால்குடி மறவாத குழந்தையைக் காலையில் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் பிரட்டுக்குச் செல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆகவே, நகரத்துக் குழந்தை நான்கு வயதில் பெறும் அனுபவத்தை, அஃதாவது தன் தாயல்லாத ஒருவரின் கட்டளைக்கு உட்படுதல், பல குழந்தைகளோடு பங்கிட்டு உண்ணுதல், முறை வரும்வரை காத்திருத்தல் என்பனவற்றை, தோட்டத்துக் குழந்தை ஒன்றரை வயதிலேயே பெற்றுவிடுகிறது. கூட்டுறவை எளிதில் கற்பது இதன் நன்மை. வீட்டில் கதை கேட்கும் நேரமும், பெற்றோருடன் உரையாடிச் சொல்வளம் பெறும் நேரமும் குறைவது இதன் குறை. இக்குறையை மாலைப்பொழுதில் ஈடுசெய்ய முடியும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலையும் பங்கும்

கூத்தில் ஒருவர் அரசராகவும் மற்றொருவர் காவலராகவும் வேடம் கட்டுகின்றனர். அரசவேடம் கட்டியவர் காவலரைப் போல் நின்றால் கூத்துக் கெடும். சமுதாயத்திலும் ஒவ்வொருவர்க்கும் ஓர் இடம் உண்டு. அதற்கு ‘நிலை’ என்று பெயர். அந்நிலையில் உள்ளவர் இன்னபடி நடக்க வேண்டும் என்று பிறர் எதிர்பார்ப்பதே ‘பங்கு’. ரால்ப் லிண்டன் என்னும் மானிடவியலார் 1936ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். நிலைகள் இருவகைப்படும் என்றும் அவர் கூறினார். பிறப்பால் வந்து சேர்வன ஒருவகை: ஆண், பெண், இன்னார் மகன், இன்ன சாதி என்பன. முயற்சியால் எய்துவன மற்றொரு வகை: ஆசிரியர், செவிலியர், ஓட்டுநர், சங்கச் செயலாளர் என்பன.

லயத்து வாழ்வில் இவ்விரு வகைகளும் விந்தையாகக் கலந்துவிட்டன. தொழிலாளி என்பது முயற்சியால் எய்தும் நிலைதானே என்று தோன்றும். ஆனால் வீடு கம்பெனியுடையது. வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஊரில் நிலமோ கூரையோ இல்லாத குடும்பம் என் செய்யும்? மகனோ மகளோ மருமகளோ அவ்வேலையில் சேர்ந்தால் வீடு நிலைக்கும். ஆகவே படித்த பிள்ளையும், வேறு தொழில் நாடும் பிள்ளையும், வீட்டைக் காப்பதற்காகவே கொழுந்துக்கூடையை ஏற்ற குடும்பங்கள் பல. பெயரளவில் அது தேர்ந்துகொண்ட தொழில். உண்மையில் பிறப்போடு ஒட்டி வந்த நிலை. தோட்டத் தொழிலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. விரும்பி ஏற்பவனுக்கு எத்தொழிலும் பெருமை தரும். விரும்பும் உரிமையையே வீட்டின் சுவர் பறித்துக்கொள்வது பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பிறப்பால் வரும் நிலையும் எல்லை தாண்டினால் மாறக்கூடும் என்பதற்கு நம்மிடையே கசப்பான சான்று உண்டு. பட்டியல் சாதியினர் யார் என்பதை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மாநிலந்தோறும் தனித்தனியே வரையறுத்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற அத்தகுதி, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவரோடு தானாகத் தொடர்ந்து வாராது என்று உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆதலின் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்கும்போது, முன்னோர் 1950ஆம் ஆண்டுக்கு முன்பே இப்பகுதியில் வாழ்ந்தமைக்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. பாட்டனார் மூங்கில் கூடையைச் சுமந்தாரேயன்றி ஆவணப் பெட்டியைச் சுமந்தாரல்லர். ஊரில் தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம், இங்கே உதவித்தொகை பெறும் வேளையில் அந்நிலையை மெய்ப்பிக்க இயலாமல் நிற்கிறது. இகழ்ச்சி கூடவே வந்தது. உரிமை எல்லையில் நின்றுவிட்டது.

ஒருவர்க்கு ஒரு பங்கு மட்டும் இருப்பதில்லை. ஒரே நிலையைச் சார்ந்தும் பல உறவுகள் சூழ்ந்திருக்கும் என்பதை ராபர்ட் மெர்ட்டன் 1957ஆம் ஆண்டில் ‘பங்குத் தொகுதி’ என்று பெயரிட்டு விளக்கினார். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை எண்ணுங்கள். மேற்பார்வையாளர் அவளிடம் நிறையை எதிர்பார்க்கிறார். உடன் பறிப்பவர்கள், தங்களை விஞ்சிப் பறித்து அளவை உயர்த்திவிடாதே என்று எதிர்பார்க்கின்றனர். தொழிற்சங்கம் சந்தாவையும் ஊர்வலத்தையும் எதிர்பார்க்கிறது. கணவர் மாலையில் சோற்றை எதிர்பார்க்கிறார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அவள் மடியை எதிர்பார்க்கிறது. கொழுந்து மிகுந்த பருவத்தில் இவ்வெதிர்பார்ப்புகள் ஒன்றோடொன்று மோதும். அம்மோதலைப் ‘பங்கு முரண்’ என்பர். அவள் எரிந்து விழுந்தால் அது அவள் குணக்கேடு என்று வீட்டார் தீர்ப்புக் கூறுவது எளிது. ஐந்து கைகள் ஐந்து பக்கம் இழுக்கும்போது எவர்க்கும் நேர்வதே அவளுக்கும் நேர்ந்தது என்பதே உண்மை. வீட்டு வேலையில் ஒரு பகுதியைக் கணவரும் மகனும் ஏற்றால் ஒரு கை இழுப்பதை நிறுத்தும். சமூகவியல் அறிவின் பயன் இதுதான்: ஆளைப் பழிப்பதற்கு முன் அமைப்பை நோக்கச் செய்வது.

குழுக்களின் இயல்பு

பேருந்து நிலையத்தில் காத்து நிற்கும் நூறு பேர் குழு ஆகார்; அது வெறுங்கூட்டம். தம்முள் உறவும், ‘நாம்’ என்ற உணர்வும், தொடர்ந்த ஊடாட்டமும் இருந்தால்தான் அது குழு. கூலே 1909ஆம் ஆண்டில் ‘முதன்மைக் குழு’ என்ற கருத்தை வெளியிட்டார். குடும்பம், விளையாட்டுத் தோழர், அக்கம்பக்கத்தார் என முகத்துக்கு முகம் பழகி, நெருங்கிய அன்பால் பிணைந்தவை முதன்மைக் குழுக்கள். ஒரு நோக்கத்துக்காக விதிமுறையோடு அமைந்த கம்பெனி, தொழிற்சங்கம், அரசு அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றைப் பின்வந்தோர் இரண்டாம் நிலைக் குழுக்கள் என்றனர். அவர்க்கு முன்பே, 1887ஆம் ஆண்டில், செர்மானிய அறிஞர் டோனீஸ், உறவால் அமைந்த வாழ்வு என்றும் ஒப்பந்தத்தால் அமைந்த வாழ்வு என்றும் இவ்வேறுபாட்டை வேறொரு வகையில் காட்டியிருந்தார்.

லயம் ஒரு தனிச்சிறப்புடைய அமைப்பு. அதைக் கட்டியது ஒப்பந்த உலகம். அதனுள் வாழ்வது உறவு உலகம். ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்கின்றன. ஒரு வீட்டின் இருமல் மறு வீட்டில் கேட்கும். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நான்கு வீட்டுக்கு மணக்கும். பேறுகாலத்துக்கும் சாவுக்கும் அழைப்பு வேண்டுவதில்லை. சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். இந்நெருக்கத்தின் வலிமையையும் அதன் அபாயத்தையும் ஒருங்கே காட்டிய துயரம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்தது. பெருமழையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. எழுபது உயிர்கள் மறைந்தன. மாண்டவருள் மிகப் பலர் ஒருவர்க்கொருவர் உறவினர். தென் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து உறவுவழியே வந்து குடியமர்ந்த குடும்பத்தினர். உறவினர் அருகருகே குடியிருந்ததனால் வாழ்நாள் முழுதும் ஒருவர்க்கொருவர் துணையாயினர். அதனாலேயே ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் பல கிளைகளும் ஒருசேர முறிந்தன. எஞ்சியோர் இழந்தது உயிர்களை மட்டுமன்று. துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுற்றத்தையும் இழந்தனர்.

2015 கற்பித்தது

முதன்மைக் குழுவின் பிணைப்பு பொதுக்காரியத்தில் எவ்வளவு ஆற்றலோடு வெளிப்படும் என்பதை மூணாறு 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாடறியக் காட்டியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2005ஆம் ஆண்டில், தோட்டங்கள் கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனியின் கைக்கு மாறியபோது, தொழிலாளரும் பங்குதாரராகச் சேர்க்கப்பட்டிருந்தனர். உழைப்பவர் என்ற பழைய நிலையோடு உரிமையாளருள் ஒருவர் என்ற புதிய நிலையும் ஏட்டளவில் வந்தது. 2015ஆம் ஆண்டில் போனஸ் முன்னாண்டைவிடக் குறைக்கப்பட்டு 10 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. அப்போது நாட்கூலி 232 ரூபாய். பெண் தொழிலாளர்கள் 20 விழுக்காடு போனஸும் 500 ரூபாய்க் கூலியும் கேட்டு வீதியில் அமர்ந்தனர். ஆயிரக்கணக்கில் திரண்ட அவர்கள் தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்தை நிறுத்தினர். தம்மை இதுகாறும் வழிநடத்திய சங்கத் தலைவர்களையும் தம் நடுவே அமரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது எழுந்தது. செப்டம்பர் 13ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது: 8.33 விழுக்காடு போனஸும், 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் சேர்ந்து அவர்கள் கேட்ட 20 விழுக்காடு கிட்டியது. கூலி அக்டோபர் மாதத்தில் 301 ரூபாயாக உயர்ந்தது.

இதனைச் சமூகவியல் நோக்கில் காண்போம். அப்பெண்களைத் திரட்டியது அச்சிட்ட அறிக்கையன்று. ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள், ஒரே காப்பகத்தில் பிள்ளையை விட்டவர்கள், ஒரே குழாயடியில் நீர் பிடித்தவர்கள் என்ற பழக்கமே அவர்களைத் திரட்டியது. செய்தி லயத்திலிருந்து லயத்துக்கு வாய்வழியே சென்றது. மற்றொன்றும் அங்கே நிகழ்ந்தது. ஊர்வலத்தில் பின்னால் நடப்பவள், தலைவர் பேசும்போது கைதட்டுபவள் என்று அவளுக்கு வகுத்திருந்த பங்கை அவளே மாற்றி எழுதினாள். அமைச்சரோடு பேச்சு நடத்துபவள் என்ற புதிய பங்கை ஏற்றாள். பங்குகள் கல்லில் செதுக்கியவை அல்ல. மாந்தர் கூடி நடிப்பதால் நிலைப்பவை, கூடி மறுத்தால் மாறுபவை.

ஆனால் அதே வரலாற்றின் பிற்பகுதியும் கற்கத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவ்வமைப்பினர் சில இடங்களில் வென்றனர். அதன்பின் கருத்து வேறுபாடு முற்றி அமைப்புத் தளர்ந்தது. முகப்பழக்கமும் அன்பும் ஒரு கிளர்ச்சியைத் தொடங்கப் போதுமானவை. ஆண்டுக்கணக்கில் ஓர் அமைப்பை நடத்துவதற்கோ, வரவுசெலவுக் கணக்கு, கூட்டக் குறிப்பு, பதவிக்காலம், கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் விதி ஆகியவை வேண்டும். முதன்மைக் குழுவின் பாசமும் இரண்டாம் நிலைக் குழுவின் ஒழுங்கும் இணையும் இடத்தில்தான் நிலைத்த அமைப்புத் தோன்றும். நம் சங்கங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

‘நாம்’ என்பதன் எல்லை

வில்லியம் கிரகாம் சம்னர் 1906ஆம் ஆண்டில் ‘அகக்குழு’, ‘புறக்குழு’ என்ற பாகுபாட்டைக் கூறினார். தம் குழுவின் வழக்கமே சரியென்று கருதி, அதனை அளவுகோலாகக் கொண்டு பிறரை அளப்பது மனித இயல்பு என்பது அவர் கண்டது. ‘பாண்டி’ என்று அழைப்பவனிடம் இக்குற்றத்தைக் காண்பது எளிது. நம்மிடமும் அது உண்டா என்று நோக்குவது கடினம். தாத்தா வந்த ஊரையும் சாதியையும் சொல்லி லயத்துக்குள்ளேயே வேலி கட்டும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. இன்று அசாம், ஜார்க்கண்டு முதலான இடங்களிலிருந்து இம்மலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் குடும்பங்களை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? நூறாண்டுகளுக்கு முன் நம் பாட்டனார் மொழி தெரியாத மலையில் நின்ற நிலையில்தான் அவர்கள் இன்று நிற்கின்றனர். நம் பிள்ளை அவர்களின் பிள்ளையோடு பந்து ஆடட்டும். அகக்குழுவின் எல்லை விரிவதற்கு அதைவிட எளிய வழியில்லை.

போலந்து நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உழவர்களைப் பற்றித் தாமசும் சினானியெக்கியும் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக ஒரு பேராய்வு வெளியிட்டனர். குடும்பத்தார் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்களே அதற்குப் பெரிய சான்றுகள். பழைய ஊரின் கட்டுப்பாடு தளர்ந்து, புதிய ஊரின் ஒழுங்கு இன்னும் பற்றாத இடைக்காலத்தில் குடும்பங்கள் சிதறும் என்று அவர்கள் கண்டனர். சிதறாமல் காத்தவை, குடியேறியவர் தாமே அமைத்த திருச்சபைக் கூட்டங்களும், ஒருவர்க்கொருவர் உதவும் சங்கங்களும், தாய்மொழி இதழ்களும், பள்ளிகளும் ஆம். நாட்டால் வேறாயினும் நமக்கும் அது பொருந்தும். தமிழ்ச்சங்கம் பொங்கல் விழா நடத்துவதோடு நின்றுவிட வேண்டியதன்று. இடைக்காலத்துக்குப் பாலமாகவும் அது பணியாற்ற வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மாலையில் அரைமணி நேரமாவது பிள்ளையோடு தமிழில் பேசுங்கள். தாத்தா எவ்வழியே மலையேறினார், பாட்டி எவ்வளவு கூலி பெற்றாள் என்பவற்றையே கதையாகச் சொல்லலாம். காப்பகத்தில் குறைந்த சொல்வளம் அங்கே நிறையும், முதற்கண்ணாடியும் தெளிவாகும்.

இரண்டாவது, மலையாளத்தைப் பிள்ளை நன்கு கற்கட்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதியை மாநிலங்கள் செய்துதர முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. அதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது. அதேவேளை, வாழும் மாநிலத்தின் மொழி அறியாதவன் அலுவலகத்திலும் தேர்விலும் வாயிலிலேயே நிற்க நேரும். ஒரு மொழி வேர், மற்றொன்று கிளை. வேருக்கும் கிளைக்கும் பகையில்லை.

மூன்றாவது, குடும்ப ஆவணங்களைத் திரட்டிக் காத்து வையுங்கள். பாட்டனாரின் வேலைப்பதிவுத் தாள், சேமநிதிச் சீட்டு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகல், திருமுழுக்குச் சான்று, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவை சான்றிதழ் கேட்கும் நாளில் துணை நிற்கக்கூடும். வேண்டிய நாளில் தேடுவதைவிட, பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது அறிவுடைமை.

நான்காவது, வீட்டைப் பற்றிய கவலையைப் பிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே சிறுசேமிப்போ, கூட்டுறவு முயற்சியோ, அரசின் வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பமோ செய்யத் தொடங்கினால், மகள் எத்தொழிலை மேற்கொள்வது என்பதை அவளே தீர்மானிக்கும் நிலை வரும்.

ஐந்தாவது, மகனுக்கும் அடுப்படி வேலையைக் கற்பியுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று முன்னோர் சொல்லிப் போந்தனர். தாயின் பங்கு முரணைக் கண்ணால் காணும் வயதிலேயே, அதனைக் குறைக்கும் கையாக அவன் வளரட்டும்.

சமூகமயமாதல் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதன்று. மருமகளாகி வரும் பெண்ணும், சங்கத்தில் புதிதாகச் சேரும் இளைஞரும், ஓய்வு பெற்று ஊர் திரும்பும் முதியவரும் மீண்டும் ஒரு சமுதாயத்தைக் கற்கத்தான் செய்கின்றனர். நாற்பது ஆண்டுகள் மலைக்குளிரில் வாழ்ந்து, வெயில் காயும் பூர்விக ஊரில் சென்றமரும் பெரியவர், அங்கே முறையும் உறவும் மாறிவிட்டதைக் கண்டு திகைக்கிறார். அவருக்கும் ஓர் ஆதரவுக் குழு வேண்டும். ஊரிலிருந்து அவர் எழுதும் கடிதத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் நம் பிள்ளைகள் மறுமொழி தர வேண்டும்.

நம் முன்னோர்க்குக் கங்காணி குழுவைத் தேர்ந்தார். கம்பெனி வீட்டைத் தேர்ந்தது. பிறப்பு பங்கைத் தேர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு இம்மூன்றையும் தேரும் உரிமையில் ஒரு பகுதியாவது கிட்ட வேண்டும். அதற்குரிய முதற்பாடம் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதில்லை. நம் வீட்டு அடுப்படியில் இன்று மாலையே தொடங்குகிறது.